பாட்டி புடவையில் ஒரு குட்டி மெத்தை

பீகாரின் முஸாஃபர்பூர் என்றதும் லிச்சிப் பழம்தான் ஞாபகத்துக்கு வரும். அதே மாவட்டத்தின் பூசுரா கிராமத்துக்கு இன்னொரு பெருமை, சுஜனி தையல்.

பிறந்த குழந்தைக்கான பரிசாகத் தொடங்கியது இது. வீட்டுப் பெண்கள் உடுத்திப் பழசான புடவைகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு, குட்டி மெத்தையாக்குவார்கள். பலமுறை துவைத்த துணி பிஞ்சு உடம்பை உறுத்தாது.

1988-ல் தொடங்கப்பட்ட 'அதிதி' தொண்டு அமைப்பின் முயற்சியால், அந்தத் தையலே பெண்களுக்கு வருமானம் தரும் தொழிலானது. பூக்களோடு வரதட்சணைக் கொடுமையும் துணியில் ஏறியது. பூசுராவின் நிர்மலா தேவிக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

விற்பனைக்கான சுஜனி இப்போது பெரும்பாலும் புதுத்துணியில்தான். பாட்டி உடுத்திய புடவையின் மென்மை மட்டும் விலைக்குக் கிடைக்காது. உங்கள் வீட்டுக்குக் குட்டிப் பாப்பா வரப்போகிறதா? பீரோவில் இருக்கும் பழைய காட்டன் புடவையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!