கறையென்று துடைத்தது

நாகமலை புதுக்கோட்டையில் மதுரையின் வெளிச்சம் கிழக்கே எழும். ஓரியன் மேற்கே சாயும்வரை காத்திருந்து மாடியில் கேமராவை வைத்தேன். "ராத்திரி தனியா மாடில என்ன வேலை?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "நட்சத்திரம் பிடிக்கிறேன்க்கா."

ஒரு நிமிடப் படங்கள் 90. பிறகு லென்ஸை மூடி 20 இருட்டுப் படங்கள். கேமராவின் சொந்தக் குறைகளைக் கழிக்க. எல்லாவற்றையும் சிரில் என்ற இலவச மென்பொருளில் அடுக்கினால், திரை கறுப்பாகவே இருந்தது. நெபுலாவின் ஒளி இருட்டின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். இழுத்து விரிக்க வேண்டும். விரித்தால் இரைச்சலும் கூடவே எழுகிறது. வழவழப்பாக்கினேன், போதாமல் மறுபடியும். அழகான சிவப்புப் படலம்! மறுநாள் பார்த்தால் அதன் நடுவே குதிரைத்தலையைக் காணோம். சிவப்பை மறைத்து நிற்கும் தூசுமேகம் அது. கறையென்று நானே துடைத்திருக்கிறேன்.

1888இல் எடுத்த ஹார்வர்டு கண்ணாடித் தகட்டில் அதைக் கறையென்று ஒதுக்காமல், அரைவட்டப் பள்ளமென்று குறித்தவர் வில்லியமினா ஃபிளெமிங். கணவர் கைவிட்டபின் வானாய்வக இயக்குநர் பிக்கரிங் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து, ஆய்வக வேலைக்கு வந்தவர். 1895இல் டிரையர் வெளியிட்ட பட்டியலில் அவர் பெயர் இல்லை. 'பிக்கரிங்' என்று மட்டும் இருந்தது. (இலக்கிய வரலாறு நடத்துகிறவளுக்கு இது புதிதல்ல.) 1908 பட்டியலில்தான் அவர் பெயர் ஏறியது.

முதலிலிருந்து செய்தேன். இரைச்சலில் பாதியை அப்படியே விட்டேன். படம் சொரசொரவென்றுதான் இருக்கிறது. அக்காவிடம் காட்டினேன்.

"நடுவுல என்னவோ கறுப்பா இருக்கே?"

"அதுதான்க்கா."