மலைப்படியும் ஒளி விளக்கும்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியே 2,388. சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இப்படிகளை ஒரு முறையேனும் மிதியாதார் அரியர். நடந்த அன்று கால்கள் அவ்வளவாக வலிப்பதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளுமே தொடை பிடித்துக்கொண்டு, வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்குவதும் பெரும்பாடாகிறது. இதற்கு ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கமே காரணம். இறங்குகையில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குவதால் அதன் நார்களில் நுண்ணிய சிதைவுகள் நேருகின்றன. பேருந்தில் இறங்குவோர் பிழைத்தனர்!

இவ்வலிக்குச் சிவப்பொளியும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியும் நன்மருந்து என்று கூறி இப்பொழுது விளக்குகள் விற்கிறார்கள். எண்ணம் புதிதன்று. 1967-இல் புடாபெஸ்ட் நகரத்து மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த சுண்டெலிகள்மீது மெல்லிய லேசர் ஒளியைப் பாய்ச்சி, அவ்விடத்தில் மயிர் விரைந்து வளரக் கண்டார். உயிரணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியா ஒளியை ஏற்று ஆற்றலைப் பெருக்குகிறது என்பர் ஆராய்ச்சியாளர். தசைவலி பற்றிய சோதனைகளுள் சில பயன் உண்டென்றும், சில இல்லையென்றும் முடிந்துள்ளன.

நண்பரொருவர் அத்தகைய விளக்கை வாங்கி, "நான்கே நாளில் வலி பறந்தது!" என்று வியந்தார். அவ்வலி சில நாட்களில் தானே நீங்கும் இயல்பினதாயிற்றே! ஆயினும் நம் வீட்டிலும் ஒன்று வாங்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. விலையோ ஒரு மாத மளிகைச் செலவு. ஆகவே அதனை இரவல் பெற்றுச் சோதித்தோம்.

மலையிலிருந்து நடந்தே இறங்கினோம். நாள்தோறும் இரவில் நம் கண்களைத் துணியால் கட்டிவிட்டு, இல்லாள் ஒரு காலுக்கு விளக்கை ஏற்றியும், மற்றதற்கு ஏற்றாமலும் ஒரே அளவு நேரம் பிடித்து வந்தாள். எக்காலுக்கு ஒளி என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். காலைதோறும் ஒவ்வொரு காலின் வலிக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டு நாட்காட்டியில் குறித்தோம். ஒரு பயணம் விளக்கோடும் மறுபயணம் விளக்கின்றியும் சோதித்தால் என்ன என்று கேட்கலாம். ஒருமுறை இறங்கிப் பழகிய தசை சில வாரங்களுக்குள் மீண்டும் இறங்கினால் குறைவாகவே நோகும். அப்பெருமை வீணே விளக்கைச் சேர்ந்துவிடும்.

ஐந்தாம் நாள் இல்லாள் இரகசியத்தை வெளியிட்டாள். ஒளி பெற்றது இடக்கால். நாட்காட்டியிலோ இரு கால்களுக்கும் ஏறக்குறைய ஒரே எண்கள். ஒருவருடைய இரண்டு கால்களைக் கொண்டு உலகுக்குத் தீர்ப்புக் கூற இயலாது. நம் வீட்டுப் பணத்துக்கு அது போதும். விளக்கை நண்பரிடம் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த பயணத்துக்கு இரு வாரம் முன்னதாகவே, மாலைதோறும் இரயில் நிலைய மேம்பாலப் படிகளில் ஏறி இறங்குவதென்று ஏற்பாடு.