ஓடை சிவந்தால்

லாடபுரம் மயிலூற்று அருவியில் தண்ணீர் கொட்டுகிறதாம், அப்படியே பச்சைமலை ஏறி இரண்டு நாள் சுற்றிவிட்டு வருகிறோம் என்றாய். போய் வா பேராண்டி. மழையில் மலையைப் பார்க்காதவன் பச்சைமலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று அறியமாட்டான். போகும் முன் ஒரு கதை மட்டும் கேள்.

1983 ஐப்பசி. பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. நாங்கள் ஐந்து பேர். கூட அரியலூர்க்காரன் ஒருவன், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. வெட்டுகிற கல்லில் சிப்பியும் நத்தையும் பார்த்துப் பழகியவன். "கடலே வத்திப்போன ஊரு எங்களுது, இந்த மழையா என்னைப் பண்ணிடும்?" என்று சவடால் விட்டுக்கொண்டே ஏறினான். பாதி வழியில் பிடித்த மழை விடவில்லை. மரவள்ளிக் காட்டோரம் ஒரு கூரைக் கொட்டாய். தட்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டோம். யாரைக் கேட்பது என்ற யோசனைகூட இல்லை.

இருட்டுகிற நேரம், சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். கொட்டாய் அவருடையது. திட்டுவார் என்று எழுந்து நின்றோம். "சாப்டீங்களா?" என்றார். போய் அவித்த கிழங்கோடு திரும்பினார். அடுப்புக்கு மேலே பரணில் காய்ந்த விறகு இருந்தது. "எரிச்சுக்குங்க. போறதுக்குள்ள அதே அளவு பொறுக்கிப் பரண்ல போட்டுட்டுப் போங்க. ஈரமா இருந்தாலும் புகையில காஞ்சிடும்" என்றார். வாடகை அவ்வளவுதான்.

அன்றிரவு அவர் சொன்ன கதை: காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி வந்து, பெரியண்ணன் சேர்வராயனிலும் சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேற, நடுவண்ணன் பங்குக்கு வந்ததாம் பச்சைமலை. அவர்கள் வழிவந்த இந்த மலை மக்களுக்கும் மலையாளிகள் என்றுதான் பெயர். மலையாளிகள் என்றால் கேரளத்துக்காரர்கள் என்றே அதுவரை நினைத்திருந்தேன், படித்த முட்டாள்.

ஸ்காட்லாந்து மலைகளிலும் இப்படிப் பூட்டாத கல்வீடுகள் உண்டென்று பின்னால் படித்தேன். 'போத்தி' என்பார்கள். 1965இல் தொடங்கிய சங்கம் ஒன்று அவற்றைப் பராமரிக்கிறது. காசில்லாமல் தங்கலாம், கிளம்பும்போது அடுத்தவனுக்குக் காய்ந்த சுள்ளி வைத்துவிட்டுப் போக வேண்டும். பெரியவர் கேட்ட அதே வாடகை!

மறுநாள் ஞாயிறு. மதியம் பளிச்சென்று வெயில். அரியலூர்க்காரனுக்குத் திங்கள் காலை ஷிப்ட், கால் தரையில் நிற்கவில்லை. வரும்போது கணுக்கால் அளவு ஓடிய ஓடையில் இப்போது முழங்கால் தண்ணீர். தாண்டிவிடலாம் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் பட்டது. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "தண்ணி செவந்துடுச்சு. சருகும் செத்தையும் வருது பாருங்க. இங்க வெளுத்தா என்ன, மேல பெய்யுதுல்ல."

இவன் கேட்கவில்லை. ஒரு காலை வைத்தான். செருப்பை உருவிக்கொண்டு போய்விட்டது தண்ணீர். நாங்கள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தோம். அரை மணி நேரத்தில் அவன் கால் வைத்த பாறையையே காணோம். கல் உருளுகிற சத்தம் மட்டும் அடியிலிருந்து கேட்டது. நாங்கள் நின்ற இடத்தில் இன்னும் வெயில்.

இரண்டாம் ராத்திரி அவன் வாய் திறக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து, "எங்க ஊர்ப் பக்கம் மருதையாத்துல வெயில் அடிக்கிறப்பவே வெள்ளம் வரும். எங்கேயிருந்து வருதுன்னு இப்பதான் தெரியுது" என்றான். இந்தப் பக்கத்து மலையில் பிறந்து, பெரம்பலூரையும் அரியலூரையும் கடந்து கொள்ளிடத்தில் விழுகிற ஆறு அது. அதன் வால் பக்கத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் அவன்.

திங்கள் காலை தண்ணீர் தெளிந்து வடிந்தது. விறகு பொறுக்கிப் பரணில் அடுக்கிவிட்டு இறங்கினோம். வீட்டு வாசலில் என் அம்மா கொடுத்த அறையை உன் பாட்டி இன்னும் சொல்லிச் சிரிப்பாள். அரியலூர்க்காரனுக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. போன மாதம் அவன் பேரனுக்குக் காதுகுத்து. செருப்புக் கதையைத்தான் பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான்.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. உன்னைவிட நாலு வயது சின்னவன். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, காட்டுக்குள் நடப்பதென்றால் வனத்துறையிடம் அனுமதி வாங்கு. 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்ட பிறகு அதை வெறும் சடங்காக நினைக்காதே. தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி உள்பையில் வை. உங்களில் மெதுவாக நடப்பவனை முன்னால் விடு. ஓடை நிறம் மாறினால், கரையேறி உட்கார். சும்மா உட்கார்வது உன் வயதில் கஷ்டம்தான், எனக்குத் தெரியும்.

ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவேன் என்று உன் அம்மாவிடம் சொல்லாதே. திங்களுக்கும் லீவு சொல்லிவிட்டுப் போ. பீரோவுக்கு மேல் என் பெரிய டார்ச் லைட் இருக்கிறது, எடுத்துக்கொள். பேட்டரி நேற்றே மாற்றிவிட்டேன்.