இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தவர்

  பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்ட மாதிரி இதையும் கடைசி வரை பொறுத்துக்கொண்டு படியுங்கள். முதல் பாதி விளையாட்டு. பின்பாதி நம் வீட்டு விஷயம்.

ஒலிம்பிக் என்றால் நமக்கு ஓட்டப்பந்தயம், ஹாக்கி, ஈட்டி எறிதல் இவைதான் ஞாபகம் வரும். பாய்மரப் படகுப் போட்டியும் அதில் உண்டு. 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே பட்டியலில் இருந்தது. வானிலை சரியில்லாமல் நடத்த முடியவில்லை. 1900-ல் பாரிஸில் தொடங்கி, 1904-ஐத் தவிர, நடந்த எல்லா ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றிருக்கிறது. நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் டோக்கியோவிலும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பாய் விரித்தார்கள். இந்தப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ராதான். விஷ்ணு 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். கிரிக்கெட் ஸ்கோரை விரல் நுனியில் வைத்திருக்கும் நம் பையன்கள் இந்த இரண்டு பெயரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

போட்டி எப்படி நடக்கும்? மோட்டார் கிடையாது, துடுப்பும் கிடையாது. காற்றும் பாயும் சுக்கானும்தான். கடலில் மிதவைகளைப் போட்டு வைத்திருப்பார்கள். அவற்றைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. ஒரு பக்கம் சாய்வாகக் கொஞ்ச தூரம், பிறகு பாயை மாற்றி மறுபக்கம் சாய்வாகக் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் மேலேற வேண்டும். எந்த இடத்தில் திருப்புவது, காற்று எந்தப் பக்கம் மாறும் என்று பார்ப்பதில்தான் திறமை இருக்கிறது. ஒரே ஓட்டத்தோடு முடிவதும் இல்லை. பல நாட்கள், பல ஓட்டங்கள். ஒவ்வொன்றிலும் முடித்த இடத்துக்குத் தக்கபடி புள்ளி. பின்னால் போகப் போகப் புள்ளி ஏறும். கடைசியில் கூட்டிப் பார்த்து, குறைவாக எடுத்தவருக்குத்தான் தங்கம். நம் பரீட்சைக்கு நேர் எதிர்!

இப்போது கதைக்கு வருகிறேன். கதை என்றாலும் நடந்த விஷயம். நான் படித்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான்.

1988, சியோல் ஒலிம்பிக். படகுப் போட்டி மட்டும் சியோலில் இல்லை. தென்கொரியாவின் தெற்குக் கோடியில் உள்ள பூசான் துறைமுக நகரத்தில். செப்டம்பர் 24-ஆம் தேதி. ஃபின் என்று ஒரு வகைப் படகு. நாலரை மீட்டர் நீளம், ஒற்றை ஆள் ஓட்டுவது. சுவீடன்காரர் ஒருவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்காக வடிவமைத்தது. அதன் 7 ஓட்டங்களில் அன்று ஐந்தாவது. கனடாவைச் சேர்ந்த லாரன்ஸ் லெமியூ என்பவர் இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தார். அவர் ஊர் எட்மண்டன். கடலே இல்லாத ஆல்பர்ட்டா மாநிலத்துக்காரர்!

காற்று திடீரென்று வலுத்தது. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். அலை எழும்பினால் சின்னப் படகில் இருப்பவருக்கு அடுத்த மிதவைகூடக் கண்ணில் படாது. பக்கத்துத் தடத்தில் 470 என்ற வகைப் படகுகளின் போட்டி. இருவர் ஓட்டுவது, 4.70 மீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். அதில் சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து கிடந்தது. ஜோசப் சான், சியூ ஷா ஹர் என்ற இருவர். ஒருவர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவரை நீரோட்டம் படகை விட்டு இழுத்துக்கொண்டு போனது.

லெமியூவுக்கு அவர்கள் எதிரிகூட இல்லை. வேறு பிரிவு, வேறு போட்டி, வேறு நாடு. பாதுகாப்புப் படகு எப்படியும் வரும் என்று நினைத்துக்கொண்டு அவர் போயிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சுக்கானைத் திருப்பினார். ஒற்றை ஆள் படகில், அந்தக் காற்றில், நனைந்து கனத்துப்போன இரண்டு பேரை ஏற்ற வேண்டும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் அவர் படகும் கவிழும். முதலில் தண்ணீரில் தனியாகக் கிடந்தவரை ஏற்றினார். பிறகு படகைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் போனார். கொரியக் கடற்படைப் படகு வந்து இருவரையும் வாங்கிக்கொள்ளும் வரை காத்திருந்தார். அதன் பிறகுதான் தன் ஓட்டத்தைத் தொடர்ந்தார். அதற்குள் இருபது படகுகள் முன்னே போய்விட்டன.

நடுவர் குழு கூடியது. உதவப் போன நேரத்தில் எந்த இடத்தில் இருந்தாரோ அந்த இரண்டாம் இடத்தையே அந்த ஓட்டத்தில் அவருக்குக் கொடுத்தது. இது சலுகை இல்லை, பிள்ளைகளே. படகுப் போட்டி விதிப்புத்தகத்தின் முதல் விதியே, ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த உதவி அத்தனையும் செய்ய வேண்டும் என்பதுதான். அப்படி உதவியதால் இடம் இழந்தவருக்கு ஈடு கொடுக்கவும் விதி இருக்கிறது.

சிலர் இதை எழுதும்போது வெள்ளிப் பதக்கத்தையே தியாகம் செய்தார் என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. அவர் இரண்டாவதாக இருந்தது 7 ஓட்டங்களில் ஒன்றில். ஈடு கொடுத்த பிறகும் மொத்தத்தில் அவர் 11-வதாகத்தான் வந்தார். போட்டிப் பதக்கம் எதுவும் கழுத்தில் ஏறவில்லை. நல்லது செய்தால் உடனே பெரிய பரிசு கிடைக்கும் என்று நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்த சமராஞ்ச் அவரைக் கூப்பிட்டு, விளையாட்டுப் பண்புக்கான பியர் தி கூபர்டின் பதக்கத்தைக் கொடுத்தார். அது எளிதில் யாருக்கும் கிடைக்காத கௌரவம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே நாள், அதே ஒலிம்பிக், அதே கனடா. சியோலில் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். உலகமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றே நாளில், ஊக்கமருந்து எடுத்தது தெரிந்து, தங்கத்தைப் பறித்துவிட்டார்கள். பூசான் கடலில் நடந்ததை அன்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

இனி நம் வீட்டு விஷயம்.

நம் பள்ளிப் பிள்ளை ஒருவன் சென்ற மாதம் சீருடைப் பணிக்கான தேர்வுக்குப் போனான். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். வழியில், பாலத்துக்கு இந்தப் பக்கம், வயதான தம்பதி வண்டியோடு விழுந்து கிடந்தார்கள். 108-க்குச் சொன்னான். வண்டி வரத் தாமதமாகும் என்று தெரிந்ததும் ஒரு லோடு ஆட்டோவை மறித்து, இருவரையும் ஏற்றி, அந்த அம்மாவின் தலைக்காயத்தைத் தன் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அரசு மருத்துவமனை வரை போனான். தேர்வு மையத்துக்கு வந்து சேர்ந்தபோது கதவு சாத்தி இருபது நிமிடம் ஆகிவிட்டது. உள்ளே விடவில்லை. அடுத்த தேர்வு வரும்போது அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இரண்டு வருடப் படிப்பு, விடியற்காலை ஓட்டம், எல்லாம் அந்தக் கதவோடு நின்றுவிட்டது. அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கதவைச் சாத்தியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர் எழுதும் தேர்வில் ஒவ்வொருவர் காரணத்தையும் வாசலில் நின்று விசாரிக்க முடியாது. ஆனால் நம் குழுவில் வந்த பேச்சுகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஊருக்கு உபகாரம் பண்ணப் போய் உள்ளதையும் விட்டுட்டான்." "108-க்கு ஒரு போன் போட்டுட்டுப் போயிருக்கலாம்ல?" "பிழைக்கத் தெரியாத பய." இதற்குச் சிரிப்புப் படம் வேறு போட்டிருந்தீர்கள். போட்டவர்களில் நாலு பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

போன் போட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்பது நியாயமான கேள்விதான். அவன் போன் போட்டான். அதற்குப் பிறகுதான், போவதா இருப்பதா என்ற கேள்வியே வந்தது. பூசானிலும் பாதுகாப்புப் படகு இருந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் பக்கத்தில் இருந்தவர் லெமியூ. பாலத்தடியில் பக்கத்தில் இருந்தவன் நம் பிள்ளை.

அவன் அப்பாவும் என்னிடம் படித்தவர்தான். மூன்று வாரமாக மகனோடு பேசவில்லையாம். தம்பி, உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. நீ பட்ட கஷ்டத்தை அவன் படக் கூடாது, கடலை விட்டு ஒரு சம்பளத்தில் உட்கார வேண்டும் என்று கடன் வாங்கிப் படிக்க வைத்தாய். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஐப்பசிப் புயல் மழையில், பக்கத்து ஊர்ப் படகு இன்ஜின் நின்று தத்தளித்தபோது, போட்ட வலையை அறுத்துவிட்டு அவர்களைக் கட்டி இழுத்து வந்தது யார்? வலைக்கு யார் உனக்குப் பணம் கொடுத்தார்கள்? அதைப் பெரிதாக நீ யாரிடமும் சொல்லவில்லை. கடலுக்குப் போன படகு திரும்பாவிட்டால் மறுநாள் ஊரே தொழிலை நிறுத்திவிட்டுத் தேடப் போகும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளை அவன். இதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான்.

படகுப் போட்டியில் ஈடு கொடுக்க ஒரு நடுவர் குழு இருந்தது. இவனுக்கு அப்படி ஒன்று இல்லை. மருத்துவமனைச் சீட்டோடு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பெரிய நம்பிக்கை இல்லை. ஆகவே நாம்தான் அந்தக் குழுவாக இருக்க வேண்டும். உங்களில் வேறு தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இருக்கிறீர்கள். ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். வயது வரம்பு அதிகமுள்ள பணிகள் எவை என்று தெரிந்தவர்கள் இருப்பீர்கள். அவனுக்கு இரக்கம் வேண்டாம். உழைக்கிற பையன், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண், நீச்சலும் முதலுதவியும் தெரிந்தவன். வழி தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

குழுவில் எழுதியதை நீக்க வேண்டியவர்கள் இன்றே நீக்கிவிடுங்கள். அவன் அதையெல்லாம் படிக்கிறான். தம்பி, நீ இன்று இரவு மகனோடு ஒரே தட்டில் உட்கார்ந்து சாப்பிடு. மற்றதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
உங்கள் வாத்தியார்