கரூ வெளியில் கண்ட ஆமை

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் செம்பனைக் காட்டுக் கால்வாயில் ஆமை பிடித்து, வாளியில் போட்டு வகுப்புக்கே கொண்டுவந்து விடுவார்கள். “சார், இது என்ன ஆமை சார்?” என்று கேட்பார்கள். “ஆமைதான், வேறென்ன? விட்டுவிட்டு வந்து உட்காருங்கள்” என்பேன். இருபது ஆண்டுக்கு மேலாக அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது. அது பதிலே அல்ல என்பது சென்ற ஆண்டிறுதி விடுமுறையில்தான் விளங்கிற்று.

என் அக்காள் மகன் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகரில் பொறியாளனாக இருக்கிறான். “மாமா, விமானம் வேண்டாம். காரிலேயே கேப் டவுன் போவோம். அப்போதுதான் நாட்டைப் பார்க்க முடியும்” என்றான். ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தூரம். அவன் மனைவியும், ஆறு வயது மகளும் உடன் வந்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் நான் அந்தக் குழந்தைக்குத் தாத்தா!

பாதி வழி தாண்டியதும் கரூ என்னும் அரைப்பாலை நிலம் தொடங்குகிறது. எங்கு பார்த்தாலும் முழங்கால் உயரப் புதர்கள், உச்சி தட்டையான குன்றுகள், ஆட்டுப் பண்ணைகள், நிலத்தடி நீரை இறைக்கும் காற்றாடிகள். நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அங்கே பல இடங்களில் 300 மில்லிமீட்டர்கூடக் கிடைப்பதில்லை. பச்சையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் அது வெறும் பொட்டலாகத்தான் தெரிந்தது.

போஃபோர்ட் வெஸ்ட் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணை விடுதியில் தங்கினோம். 1967-இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்த டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் பிறந்த ஊர் அது. மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் மண்சாலையில் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். அப்போதுதான் ஒரு புதரடியிலிருந்து அது வெளியே வந்தது. என் கையளவு கூட இல்லை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள்.

“தாத்தா, இது என்ன ஆமை?”

அதே கேள்வி! ஆனால் இம்முறை எனக்கு விடை தெரியும் என்று நினைத்தேன். இந்தியாவின் நட்சத்திர ஆமையைப் படத்தில் பார்த்திருக்கிறேன். “நட்சத்திர ஆமை, கண்ணு!” என்று சொல்லிக்கொண்டே, அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று அதைத் தூக்கிவிட்டேன். தலையும் கால்களும் உள்ளே போயின. மறுகணம் என் கை நனைந்தது. குழந்தை கைகொட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சாலையின் மறுபுறம் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்த பண்ணைத் தொழிலாளி ஒருவர் ஓடிவந்தார். வயது எழுபது இருக்கும். அவர் பேசியது ஆப்பிரிக்கான்ஸ் மொழி. மருமகன் மொழிபெயர்த்தான்.

“கீழே வையுங்கள். மெதுவாக. அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம் பார்த்து வையுங்கள்.”

வைத்தேன். அவர் என் நனைந்த கையைக் காட்டினார். “அது அழுக்கு அல்ல, ஐயா. அடுத்த மழை வரும்வரை அது சேர்த்து வைத்திருந்த தண்ணீர்.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. வறண்ட நிலத்து ஆமை தன் மூத்திரப்பையில்தான் நீரைச் சேமிக்கிறது. பயந்தால் அதைக் கொட்டிவிடும். மழை தள்ளிப் போனால் அந்த இழப்பே அதன் உயிருக்கு உலை வைத்துவிடலாம்.

நான் ஆசிரியர் என்று மருமகன் சொன்னதும் பெரியவர் குரல் தணிந்தது. அங்கே ஆசிரியரை ‘மீஸ்டர்’ என்பார்களாம். “மீஸ்டர், தொடாமலே பார்க்கலாம், வாருங்கள்” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று புழுதியில் குப்புறப் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன்.

“முதலில் கழுத்துக்கு மேலே பாருங்கள். ஓட்டின் முன் விளிம்பில், நடுவிலே ஒரு சின்னத் தகடு இருக்கிறதா?” இருந்தது. “அப்படியானால் இது சிறுத்தை ஆமையின் குட்டி அல்ல. அதற்கு அந்தத் தகடு இராது.” இந்தியாவின் நட்சத்திர ஆமைக்கும் அது கிடையாது என்று மருமகன் கைப்பேசியில் தேடிச் சொன்னான். என் விடை அங்கேயே தவறிப் போயிற்று.

“இப்போது தாடைக்குக் கீழே. அடிஓட்டின் முன் தகடு ஒன்றா, இரண்டா?” இரண்டு. ஒன்றாக இருந்தால் அது கேப் பகுதியில் காணும் வேறொரு வகையாம். “கடைசியாக ஓட்டின் மேற்புறம். கட்டம் ஒவ்வொன்றும் தட்டையா, கூம்பா?” ஒவ்வொன்றும் சிறு கூடாரம்போல் எழும்பி நின்றது. அதன் உச்சியிலிருந்துதான் மஞ்சள் கோடுகள் இறங்கின. அதனாலேயே அதற்குக் கூடார ஆமை, ‘டென்ட் டார்ட்டாய்ஸ்’ என்று பெயர். வளர்ந்தாலும் 15 சென்டிமீட்டர் அளவுதான். மழை பெய்யும்போது பின்புறத்தை உயர்த்தி, ஓட்டில் வழிந்துவரும் நீரை வாயருகே வாங்கிக் குடிக்குமாம்.

உலகிலேயே நில ஆமை வகைகள் மிக அதிகமாக உள்ள நாடு தென்னாப்பிரிக்கா. காட்டிலிருக்கும் ஆமையை அனுமதியின்றி எடுத்துப்போவது அங்கே குற்றம். இருந்தாலும் அவற்றுக்கு ஆபத்து குறைவில்லை. குட்டிகளைக் காகம் கொத்துகிறது. பண்ணை வேலியின் அடிக்கம்பியில் மின்சாரம் பாய்ந்தால், முட்டிய ஆமை பின்வாங்கத் தெரியாமல் ஓட்டுக்குள் ஒடுங்கி அங்கேயே சாகிறது. பெரியவர் காலையில் வேலியைச் சுற்றி வந்ததும் அதைப் பார்ப்பதற்காகத்தானாம்.

அங்கிருந்த கல்லின் குழிவில் எங்கள் போத்தல் தண்ணீரை ஊற்றி, ஆமையின் முன்னால் வைத்தார். விலகி நின்று வெகுநேரம் பார்த்தோம். தலை வெளியே வரவில்லை. வெயில் ஏறவே திரும்பிவிட்டோம்.

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்பார்கள் நம்மவர்கள். அன்று யார் வீட்டில் யார் புகுந்தது?

மறுநாள் விடியலில் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஆமை இல்லை. புழுதியில் சிறு காலடிகள் புதர்ப்பக்கம் போயிருந்தன. கல்லின் குழி காய்ந்து கிடந்தது. அது குடித்ததா, வெயில் குடித்ததா, எனக்குத் தெரியவில்லை.

பள்ளி திறந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல் வாளியோடு வந்தார்கள். “சார், இது என்ன ஆமை சார்?”

“வாருங்கள், அதன் இடத்திலேயே விட்டுப் பார்ப்போம்” என்று கால்வாய்க்கு அழைத்துச் சென்றேன். கரையில் விட்டுவிட்டுத் தள்ளிப் படுத்துக்கொண்டோம். யானைக்கால்போல் தூண் கால்களா, விரலிடையில் சவ்வா? சவ்வு. அப்படியானால் நில ஆமை அல்ல, நீரில் வாழ்வது. ஓடு என்ன நிறம்? முகத்தில் கோடு உண்டா? அதற்குள் அது தண்ணீரில் இறங்கிவிட்டது.

பெயரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் வாளி இப்போது வகுப்பறை மூலையில் காலியாக இருக்கிறது. பிள்ளைகள் கால்வாய்க்குப் போகும்போது நோட்டுப் புத்தகம் கொண்டு போகிறார்கள்.