பம்பாய்க்கு அனுப்பினால் பாட்டு போய்விடுமா?

போன வருஷம் எனக்கு வேலை போனது. பதினாறு வருஷ சர்வீஸ், பதினைந்து நிமிஷ வீடியோ காலில் முடிந்தது. விசா விதிப்படி 60 நாளுக்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும். எப்படியோ ஐம்பத்து மூன்றாவது நாள் ஒன்று கிடைத்தது. சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. நாற்பத்தைந்து வயதில் 'இதுக்காகத்தானா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்ற கேள்வியோடு டிசம்பரில் ஊருக்குப் போனேன்.

கொச்சியில் பழைய சிநேகிதன் ஒருவன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கும் மிளகும் மணக்கும் கிட்டங்கிகளைத் தாண்டி ஒரு சாயாக்கடைக்குக் கூட்டிப் போனான். உள்ளே கஜல் ஒலித்தது. மெட்டு கஜல், பாஷை மலையாளம்!

"உம்பாயி. இந்த ஊர்க்காரர்" என்றவன் முழுக் கதையையும் சொன்னான்.

வியாபாரத்துக்கு வந்து தங்கிய குஜராத்திகளும் கச்சி மேமன்களும் நிறைந்த ஊர் மட்டாஞ்சேரி. ஹார்மோனியமும் தபலாவும் சைகல் பாட்டும் இங்கே சாதாரணம். பி.ஏ. இப்ராஹிம் என்ற பையனுக்குத் தபலா பைத்தியம், அப்பாவுக்கோ பிடிக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றதும், எலெக்ட்ரீஷியன் வேலை பழகட்டும் என்று பம்பாய்க்கு அனுப்பினார்கள். அங்கேதான் பையனுக்கு குரு கிடைத்தார், உஸ்தாத் முஜாவர் அலி! ஊர் திரும்பியும் கஷ்டம் தீரவில்லை. கிடைத்த வேலையைச் செய்துகொண்டே பாடினார். 1986-ல் வந்த 'அம்ம அறியான்' படத்தில் அவரைப் பாடவைத்த ஜான் ஆபிரகாம்தான் உம்பாயி என்ற பெயரையும் வைத்தார். பிறகு ஓ.என்.வி. குறுப்பு, சச்சிதானந்தன் வரிகளை மலையாள கஜல்களாகப் பாடினார். 2018 ஆகஸ்ட்டில் காலமானார்.

எனக்குச் சுருக்கென்றது. ப்ளஸ் டூ வந்ததும் என் மிருதங்கத்தையும் அப்பா பரணில் ஏற்றினார். அவர் மேல் தப்பில்லை, சோறு முக்கியம். ஆனால் வேலை கிடைத்த பிறகும் அதை இறக்காதது யார்? நான்தானே! 'நேரமில்லை' என்றே இருபத்தெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். அந்த மனுஷர் வேலையும் பார்த்தார், பாட்டையும் விடவில்லை. வாய்ப்பு வந்த அன்று அவர் குரல் தயாராக இருந்தது.

கும்பகோணத்தில் புது மூட்டு போட்டு மிருதங்கத்தை டல்லாஸுக்கே தூக்கி வந்துவிட்டேன். ஞாயிறு காலையில் தொப்பியில் ரவை அப்பி உட்கார்ந்தால், வயலின் பழகும் என் மகளும் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். இதனால் சம்பளம் ஏறவில்லை, ஆபீஸும் மாறவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை முன்னைப் போல் பயமுறுத்துவதில்லை.

"ஏங்க, ஆதி தாளமே தப்புது" என்று சமையலறையிலிருந்து சத்தம் வருகிறது. வரட்டும், இன்னும் பழக வேண்டும்.

சரி, உங்க வீட்டுப் பரணில் என்ன இருக்கு?