துப்பறியும் கதைகளும் நாங்களும்

கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்பது பழமொழி. ஆனால் கண்டதையெல்லாம் கற்கலாமா என்று ஆசிரியைகள் எங்களைக் கேட்பதுண்டு. காரணம், பதினோராம் வகுப்பு மாணவியராகிய எங்கள் புத்தகப் பைகளில் பாடநூல்களோடு துப்பறியும் நாவல்களும், தொடர் கொலையாளிகளைப் பற்றிய உண்மைக் கதைகளும் இடம் பிடித்துவிட்டன. எங்கள் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க இம்மலரில் இடம் கிடைத்தமைக்கு மகிழ்கிறோம்.

இந்த ஆசை எங்களோடு தோன்றியதன்று. அந்நாளில் எங்கேனும் கொலை நடந்தால், அதைக் கொலைச்சிந்தாக அச்சிட்டுச் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்பார்களாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பே துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். ஆரணி நமக்குப் பக்கத்து ஊர்தானே! பின்னர் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தார்கள். கோவை ராஜேஷ்குமார் எழுதிய நாவல்களோ 1,000-க்கும் மேல். எங்கள் அன்னையர் பலரும் அவற்றைப் பேருந்து நிலையக் கடைகளில் வாங்கிப் படித்தவர்களே.

ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1911-இல் நூலாக வெளியிட்ட கதைகளில் துப்பறிபவர் ஃபாதர் பிரவுன் என்னும் கத்தோலிக்கக் குருவானவர். அவர் கையில் துப்பாக்கி இல்லை. ஒரு குடைதான் உண்டு. பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு மனித மனத்தை அறிந்தவராதலால் குற்றவாளியை எளிதில் கண்டுகொள்கிறார். கண்டபின் அவன் மனந்திரும்ப வேண்டும் என்றே விரும்புகிறார். இத்தகைய கதைகளால் தீங்கில்லை என்பதைச் சிஸ்டர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

சிக்கல் எல்லாம் உண்மைக் கதைகளில்தான். 1988-இல் சென்னைத் திருவான்மியூரில் வெளிப்பட்ட வழக்கில், 6 கொலைகளுக்காக ஆட்டோ சங்கர் தண்டிக்கப்பட்டான். 1995-இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். சிறையில் அவன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டபோது சிறை அதிகாரிகள் எதிர்த்தார்கள். 1994-இல் உச்ச நீதிமன்றம், வெளிவரும் முன்பே அதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ளதை எவரும் வெளியிடலாம். அதற்கு மேல் ஒருவருடைய அந்தரங்கத்தில் நுழைந்தால் பதில் சொல்ல நேரிடும் என்றும் கூறியது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இது பெரிய தீர்ப்பு.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தோம். கொன்றவன் பெயர் எங்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது. இறந்த அறுவரில் ஒருவர் பெயரும் எவருக்கும் தெரியவில்லை! 1888-இல் லண்டனில் 5 பெண்களைக் கொன்ற 'ஜாக் தி ரிப்பர்' கதையும் இப்படியே. அவன் யார் என்று ஆராயும் புத்தகங்கள் மலைபோல் குவிந்துள்ளன. அந்த ஐவரின் வாழ்க்கையை ஆராய்ந்து ஹாலி ரூபன்ஹோல்ட் எழுதிய நூல் 2019-இல் வெளிவந்தது. அவர்களில் ஒருத்தி கொல்லர் மகள். இன்னொருத்தி சுவீடன் நாட்டு விவசாயியின் மகள். வறுமையால் வீடிழந்து, தேடுவாரின்றி வாழ்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

அண்மையில் எங்கள் தோழி ஒருத்தியின் மேசையில் அவள் தந்தையார் இத்தகைய புத்தகம் ஒன்றைக் கண்டார். படித்துப் பார்த்தவர், "இனி மாலைத் தனிவகுப்புக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். தேர்வு நெருங்கும் வேளை அது. தோழியின் தாயார் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்பவர். இருட்டிய பிறகே வீடு திரும்புவார். அவர் சொன்னாராம்: "நானும் இருட்டில்தானேங்க வரேன்? பஸ்ஸை விட்டு இறங்கி நாலு பேராத்தான் நடந்து வருவோம். ஒருத்தி வேலைக்கு வரலைன்னா, அன்னிக்கே வீட்டுக்குப் போய் என்ன ஏதுன்னு கேட்டுடுவோம். பயந்து உட்கார்ந்தா அடுப்பு எரியுமா?"

தந்தையார் யோசித்தார். நால்வராகப் போய் நால்வராக வர வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். அந்த நால்வரில் மூவர் நாங்களே!

அத்தாயார் சொன்னதில்தான் எங்களுக்கு விடை கிடைத்தது. தொடர் கொலையாளி பெரிய அறிவாளி அல்லன். காணாமற்போனால் கேட்பார் இல்லை என்று அவன் எண்ணுகிறவர்களையே பெரும்பாலும் குறிவைக்கிறான். திருவான்மியூரிலும், காணாமற்போனவர்களின் குடும்பத்தார் விடாமல் புகார் கொடுத்ததாலேயே உண்மை வெளிவந்தது. அவர்களைப் பற்றி யார் புத்தகம் எழுதினார்கள்?

ஆகவே, அன்புத் தோழியரே, துப்பறியும் கதைகளைத் தாராளமாகப் படியுங்கள். உண்மைக் கதையைக் கையில் எடுத்தால், கொன்றவன் பெயரோடு நின்றுவிடாதீர்கள். இறந்தவர் யார், அவரைத் தேடியவர் யார், அவர் சொன்னதைச் செவிகொடுத்துக் கேட்டவர் யார் என்று தேடிப் படியுங்கள். பெற்றோரே, புத்தகத்தைப் பறிப்பதற்குமுன் எங்களோடு ஒருமுறை பேசுங்கள்.

நம் வகுப்பிலும் சில நேரம் ஓர் இருக்கை காலியாகிறது. கல்யாணமோ, கம்பெனி வேலையோ, வீட்டுக் கஷ்டமோ, காரணம் நமக்குத் தெரிவதில்லை. மூன்று நாள் வராத தோழியின் வீட்டுக் கதவைத் தட்டி, "ஏன் வரவில்லை?" என்று கேட்போம். நாம் செய்யவேண்டிய முதல் துப்பறிதல் அதுவே.